ரேணுகாவின் காய்ச்சலுக்கு வில்லன் தேடினேன்

1

இந்தக் கதை பிறந்தது ஒரு கெட்ட ஆசையில். எச்.ஐ.வி. பற்றி ஒரு கட்டுரை படித்தேன். நம் எதிர்ப்புச் செல்கள் ஒன்றுக்கொன்று சேதி சொல்ல சைட்டோகைன் என்ற நுண்ணிய புரதங்களைச் சுரக்கின்றனவாம். சில வைரஸை மடக்குகின்றன. சில, செல்லுக்குள் தூங்கும் வைரஸை எழுப்பியே விடுகின்றன. வில்லன் கிடைத்துவிட்டான் என்று துள்ளினேன்.

2

முதல் தொடக்கம்: "அரவேணுவில் பனி இறங்கிக்கொண்டிருந்தது. ரேணுகா..."

(வேண்டாம். நீலகிரிக் கதையென்றால் பனி இறங்கியே தீரவேண்டுமா?)

இரண்டாவது: அரவேணுப் பக்கம் ஒரு தேயிலை ஃபேக்டரியில், தேயிலைத் தூளைக் காயவைக்கும் டிரையர் அறையில் வேலை பார்ப்பவள் ரேணுகா. கணவனை இழந்தவள். எச்.ஐ.வி. இருப்பது தெரிந்து ஊட்டி ஆஸ்பத்திரியில் அதற்கான கூட்டு மருந்து மாத்திரை தொடங்கியிருந்தாள். அதே அறையில் அடுப்புக்கு விறகு போடும் லிங்கசாமி, எல்லாம் தெரிந்தே அவளைக் கட்டிக்கொள்ளக் கேட்டிருந்தான். உடம்பு தேறட்டும் என்று அவள் தள்ளிப்போட்டாள்.

மாத்திரை தொடங்கிய சில வாரங்களில் கழுத்தில் கட்டி வீங்கியது. காய்ச்சல் கொதித்தது. டிரையரில் சூடு எகிறினால் முதல் வேலை விறகை நிறுத்துவது. இல்லாவிட்டால் தூள் கருகிவிடும். அந்தக் கைப்பழக்கத்தில் மாத்திரையை நிறுத்திவிட்டாள்.

3

இங்கே அவளைச் சாகடிக்கத் திட்டமிட்டிருந்தேன். சோகமாக முடித்தால் நாலு பேர் பாராட்டுவார்கள். "அன்று மாலை ரேணுகாவின் மூச்சு..."

மனசு வரவில்லை. தவிர, லிங்கசாமி என்னைக் கேட்காமலே அவளை ஜீப்பில் ஏற்றி ஊட்டிக்குக் கொண்டுபோய்விட்டான்.

"சூடு ஏறுனா வெறகை நிறுத்தோணுமுங்க. அதான் மாத்திரையை நிறுத்திட்டேன்" என்றாள் டாக்டர் அனுராதாவிடம்.

டாக்டர் கோபப்படவில்லை. கட்டியைச் சோதித்த முடிவு வந்ததும் சொன்னார்: "மருந்து தோக்கலைம்மா. உள்ள டி.பி. ஒளிஞ்சிருந்துது. மயங்கிக் கெடந்த எதிர்ப்புசக்தி மாத்திரையாலதான் இப்ப முழிச்சு, அதைப் பாத்துக் கத்துது. அந்தச் சத்தத்துல வைரஸும் முழிக்கும். இப்பப் போயி மாத்திரையை விட்டா அதுக்குக் கொண்டாட்டம்."

(வில்லன் கைநழுவினான். காய்ச்சலை மூட்டியதும் சைட்டோகைன்தான், காவலுக்கு ஆள் கூப்பிட்டதும் அதுவேதான். இப்படியொருவனை வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய?)

4

டி.பி.க்கு மருந்து, கத்தலை அடக்கக் கொஞ்ச நாள் ஸ்டீராய்டு, கூடவே எச்.ஐ.வி. மாத்திரையும். வீக்கம் வடிந்தது. ரேணுகா ஒரு வேளையும் விடவில்லை. மாதங்கள் கழித்துப் பார்த்தபோது, இரத்தப் பரிசோதனைக்கே அகப்படாத அளவுக்கு வைரஸ் ஒடுங்கிவிட்டிருந்தது. ஒழியவில்லை, தூங்குகிறது. மாத்திரையைத் தொடரும்வரை விழித்தாலும் அதனால் பெருக முடியாது. இந்த நிலை நீடிக்கும்வரை கட்டிக்கொள்பவனுக்கும் தொற்றாது. இதை எழுதும்போது எனக்கே விசிலடிக்கத் தோன்றியது.

ஆஸ்பத்திரிக்கு வெளியே பெஞ்சில் லிங்கசாமி வர்க்கி பிஸ்கட் பொட்டலத்தோடு உட்கார்ந்திருந்தான்.

"ஜெயிச்சுட்டேனுங்க" என்றாள். "அன்னைக்குக் கேட்டதை இப்பக் கேளுங்க."

அவன் கேட்டான். அவள் சரியென்றாள்.

5

கல்யாணத்தை நான் எழுதப்போவதில்லை. சாகடிக்கப் பார்த்தவன் நாள் குறிப்பது முறையல்ல. நீங்களே ஒரு நல்ல நாளாகப் பாருங்கள். கொழுந்து குவியும் மாதங்கள் மட்டும் வேண்டாம். டிரையர் அறையில் இரண்டு பேருக்கும் சேர்த்து லீவு தரமாட்டார்கள்.