நீங்களா இருந்தா வாங்குவீங்களா?

சேக் தாவூது பொய் சொல்லி எதையும் விற்றதில்லை. அதில் அவருக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு. ஃபேரர் பார்க்கில் அழகப்பனின் கடையில் டிவியும் ஃப்ரிட்ஜும் வாஷிங் மெஷினும் விற்கிறவருக்கு அந்தக் கர்வம் சும்மா வந்துவிடாது. பாடுபட்டுத்தான் காப்பாற்றி வந்தார்.

பொருளை விற்பதில் சிரமமில்லை. அதோடு கூடுதல் வாரண்டியையும் தலையில் கட்டுவதில்தான் சாமர்த்தியம். கம்பெனியின் வாரண்டி முடிந்த பிறகும் இன்னும் சில வருடம் பழுது பார்த்துக் கொடுப்போம் என்கிற காகிதம் அது. மெஷினில் வராத லாபம் அழகப்பனுக்குக் காகிதத்தில் வந்தது.

அதற்குத் தாவூது ஒரு வசனம் வைத்திருந்தார். "இது கெடாது. நல்ல மெஷின். ஆனா நிம்மதியான தூக்கத்தை எந்தக் கடையிலயாவது விக்கிறாங்களா?" கேட்டுவிட்டு மெஷினின் மூடியை மெதுவாகச் சாத்துவார். அப்புறம் வாயைத் திறக்கமாட்டார். அந்த மௌனத்திலேயே பாதிப் பேர் பேனாவைத் தேடுவார்கள்.

சிலர் மட்டும் கேட்பார்கள். "நீங்களா இருந்தா வாங்குவீங்களா?"

அப்போது பார்த்துத் தாவூதுக்கு ஃபோன் வரும். வராவிட்டால், "எல்லாரும் வாங்குறாங்க" என்பார். அதுவும் உண்மைதான். எல்லாரும் வாங்கினார்கள், அவரைத் தவிர. அவர் வீட்டில் எது கெட்டாலும் கடையின் டெக்னீஷியன் வந்து, ஒரு டீயைக் குடித்துவிட்டுச் சரிசெய்து கொடுத்துப் போவார்.

காருக்கு அப்படி ஓர் ஆள் இல்லை.

கார் வாங்குவது மனைவி நூருன்னிசாவின் முடிவு. ஐம்பது வயதில் லைசன்ஸ் எடுத்தவள் அவள். தாவூதுக்கு ஓட்டத் தெரியாது. பக்கத்து சீட்டில் உட்கார்ந்து காலால் இல்லாத பிரேக்கை அழுத்துவதில் மட்டும் நல்ல பயிற்சி.

குவீன்ஸ்டவுன் பக்கம் ஒரு ஷோரூம். கார் முடிவாகிவிட்டது, நிறம்கூட முடிவாகிவிட்டது. சேல்ஸ்மேன் அன்வர் கடைசியாக ஒரு காகிதத்தை எடுத்தான். தாவூதுக்கு அந்தக் காகிதத்தைத் தெரியும். தூரத்துச் சொந்தக்காரனைக் கல்யாண வீட்டில் பார்த்தது போல முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"அஞ்சு வருஷம் கம்பெனி வாரண்டிண்ணே. கார் வச்சுக்கிறதுக்கு கவர்ன்மெண்ட் தர்ற சிஓஇ உரிமம் பத்து வருஷம். அது முடிஞ்சா காரே நம்மது இல்ல. நடுவுல ஒரு அஞ்சு வருஷம் அந்தரத்துல நிக்குது பாருங்க, அதுக்குத்தான் இது."

வேண்டாம் என்று சொல்லத் தாவூது வாயைத் திறந்தார்.

"இது கெடாதுண்ணே. நல்ல கார்," என்றான் அன்வர். "ஆனா நிம்மதியான தூக்கத்தை எந்த ஷோரூம்லயாவது விக்கிறாங்களா?"

சொல்லிவிட்டுக் கார் கதவை மெதுவாகச் சாத்தினான். அப்புறம் பேசவில்லை.

ஏசியில் நின்ற தாவூதுக்கு முதுகு வேர்த்தது. அது அவருடைய மௌனம். நீளம்கூட அதேதான்.

"தம்பி, இதை எங்க புடிச்சீங்க?"

அன்வர் சிரித்துவிட்டான். "நீங்க உள்ள வந்தப்பவே கண்டுபிடிச்சுட்டேண்ணே. நீங்களா கேக்கட்டும்னு இருந்தேன். கல்யாணம் ஆன புதுசுல உங்ககிட்டதான் வாஷிங் மெஷின் வாங்கினேன். வாரண்டி வேணவே வேணாம்னு சொல்லிட்டு வந்தவன் கையெழுத்துப் போட்டுட்டுத்தான் போனேன். அப்ப இங்க என்னால ஒரு கார்கூட விக்க முடியல. வீட்ல உக்காந்து யோசிச்சேன். இந்த மனுஷன் அப்படி என்னதான் பண்ணாரு? அப்பதான் புரிஞ்சுது. மூடியைச் சாத்தினாரு!"

"மெஷின் எப்படி இருக்கு?"

"கல்லு மாதிரி இருக்கு. ஒரு நாள்கூட கெடல. வாரண்டி முடியிற மாசம் நான் பக்கத்துலயே நின்னு பாத்தேன். சின்னதா ஒரு சத்தம்? ம்ஹூம், கிடையாது லா."

"மாஷா அல்லாஹ்," என்றார் தாவூது, ஈனக்குரலில்.

கணவர் தவிப்பதைப் பார்த்த நூருன்னிசா உதவிக்கு வந்தாள். "நாங்க இதெல்லாம் எடுக்கிறதில்ல தம்பி. ஃப்ரிட்ஜுக்கு இல்ல, டிவிக்கு இல்ல, எதுக்குமே இல்ல. காசைக் கரியாக்குற வேலைம்பாரு."

அன்வரின் பேனா நின்றது.

"எதுக்குமே இல்லையாண்ணே?"

கோபமாகக் கேட்டிருந்தால் சமாளித்திருப்பார். அவன் நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்டான்.

தாவூது காரைப் பார்த்தார். இப்போது வேண்டாம் என்றால், பொய் சொல்லாத மனிதர் இத்தனை வருடமாக எதை விற்றார் என்ற கேள்வி வரும். வேண்டும் என்றால் அவர் வெறும் முட்டாள். முட்டாள் என்பது அப்படியொன்றும் மோசமான பட்டமில்லை என்று அந்த நேரத்தில் தோன்றியது.

"எங்க கையெழுத்துப் போடணும்?"

ரயிலில் வரும்போது நூருன்னிசா விரல்விட்டு ஏதோ கணக்குப் போட்டாள். பிறகு கேட்டாள்.

"அப்ப அஞ்சு வருஷம் நான் பாத்துப் பாத்து ஓட்டணும். ஆறாவது வருஷம் எங்கயாவது இடிக்கணும். அப்படித்தானே?"

"இடிச்சா அது இன்சூரன்ஸ். இது தானா கெடணும்."

"தானா கெடலன்னா?"

"துஆ செய்யணும்."

அவள் சிரித்த சிரிப்பில் எதிர் சீட்டுக்காரர் ஹெட்ஃபோனைக் கழற்றினார்.

"பயந்து போட்டீங்களா?"

"பயமெல்லாம் இல்ல. வெக்கம்."

"வெக்கத்துக்கு வாரண்டி எடுத்த மொத ஆளு நீங்கதான்."

திங்கட்கிழமை கடைக்குப் பூவம்மா என்றொரு பெண்மணி வந்தார். ஜாலான் புசாரிலிருந்து வெயிலில் நடந்தே வந்திருந்தார். ஏழு கிலோ மெஷினைச் சுற்றிச் சுற்றி வந்து, தட்டிப் பார்த்து, விலையைக் குறைக்கச் சொல்லி, கடைசியில் சரி என்றார். கல்லாவில் இருந்த அழகப்பன் தாவூதைப் பார்த்துக் கண்ணைக் காட்டினார். காகிதம்.

தாவூது வசனத்தைச் சொன்னார். மூடியைச் சாத்தினார். அவருக்கே அது அன்வரைப் பார்த்து நடிப்பது போல இருந்தது.

பூவம்மா மௌனத்துக்கெல்லாம் அசைகிற ஆளில்லை. "ஏன் பாய், நீங்களா இருந்தா வாங்குவீங்களா?"

ஃபோன் வரவில்லை. கண்ணைச் சுழற்றினார். கூப்பிட ஒரு ஆளும் இல்லை. பிறகுதான் நினைவு வந்தது. இனிமேல் ஒளிய வேண்டியதே இல்லை. அவரிடம் பதில் இருக்கிறது. கையெழுத்துப் போட்ட பதில்.

"வாங்கினேம்மா," என்றார். குரலில் ஒரு கம்பீரம் வந்திருந்தது. "சனிக்கிழமைதான். புதுக் காருக்கு."

"நல்லா யோசிச்சா வாங்குனீங்க?"

இங்கே நிறுத்தியிருக்கலாம். ஆமாம் என்று ஒரு வார்த்தை போதும். ஆனால் அது பொய்.

"யோசிக்கலம்மா. வித்தவன் ஒரு வசனம் சொன்னான். கதவைச் சாத்தினான். மாட்டிக்கிட்டேன்."

பூவம்மா சாத்திக் கிடந்த மெஷின் மூடியைப் பார்த்தார். தாவூதைப் பார்த்தார். மூடியைத் தூக்கித் திறந்துவிட்டார்.

"அட பாவமே," என்றார். "எனக்கு மெஷின் மட்டும் போதும் பாய்."

அவர் பணத்தைக் கட்டிவிட்டுப் போன பிறகு அழகப்பன் கல்லாவிலிருந்து எட்டிப் பார்த்தார்.

"வாரண்டி?"

"வேணாமாம்."

"ஏன், என்ன கேட்டாங்க?"

"நான் வாங்கினேனான்னு கேட்டாங்க முதலாளி."

"வாங்கலன்னு சொல்லிட்டீங்களா?"

"இல்ல," என்றார் தாவூது. "வாங்கினேன்னு சொன்னேன்."