எட்டு மணி அறிவிப்பு

புகார் அக்காவுக்கு அந்தப் பெயர் எப்படி வந்தது என்று தெருவில் யாரும் யாரையும் கேட்டதில்லை. டிஷ்காரரின் கேபிள் ஆபீசில் போன் எடுப்பதுதான் அவள் வேலை. படம் வரவில்லை, சத்தம் வரவில்லை, இரண்டும் வருகிறது ஆனால் எதிர்வீட்டில் இதைவிடப் பளிச்சென்று வருகிறது என்று எந்தப் புகாராக இருந்தாலும் கேட்டுக்கொள்வது அவள் காதுதான். "ஆள் கிளம்பிட்டாரும்மா, இதோ வந்துடுவாரு" என்பாள். ஆள் மறுநாள் சாயங்காலம் வருவார். ஆனாலும் அந்தக் குரலில் ஒரு பதவிசு உண்டு. நாலு வார்த்தை நறுக்கென்று கேட்க வேண்டும் என்று போனை எடுத்தவர்கள்கூட, "சரிம்மா, கொஞ்சம் பார்க்கச் சொல்லு" என்று குழைந்துபோய் வைத்துவிடுவார்கள்.

டிஷ்காரர், மொட்டை மாடியில் முதன்முதலாக ஒரு பெரிய டிஷ்ஷை நிமிர்த்தி வைத்து அக்கம்பக்கத்து வீடுகளுக்கெல்லாம் கம்பி இழுத்தவர். டிஷ் துருப்பிடித்துப் பழைய இரும்புக்குப் போய்விட்டது, பெயர் மட்டும் துருப்பிடிக்காமல் நின்றது. கேபிளோடு சொந்தமாக ஒரு உள்ளூர் சேனலும் நடத்தினார். பிறந்தநாள் வாழ்த்து, வாடகைக்கு வீடு, காணாமல் போன பூனை, இரங்கல் எல்லாம் அதில் ஓடும். யார் போய்ச் சேர்ந்தார்கள் என்று தெரிந்துகொள்ளவாவது ராத்திரி எட்டு மணிக்கு அந்தச் சேனலைப் போடாத வீடு கிடையாது.

டிஷ்காரர் மனைவிக்கு ஒரு தம்பி. தம்பிக்கு ஒரு மனைவி. அந்த மனைவிக்கு வீட்டில் சும்மா இருந்தால் மாமியாரோடு முட்டிக்கொள்கிறது, எங்காவது ஏசி ரூமில் ஒரு நாற்காலி கிடைத்தால் தேவலை. ஒருநாள் காலையில் புகார் அக்கா ஆபீசுக்கு வந்தபோது அவள் நாற்காலியில் யாருடையதோ புதுக் கைப்பை உட்கார்ந்திருந்தது. நாளையிலிருந்து வரவேண்டாம் என்றார் டிஷ்காரர். ஏன் என்று கேட்டாள். லைன்மேன்கள் எல்லோரும் நின்றுகொண்டிருக்கும்போது கேட்டாள். அதுதான் அவள் செய்த தப்பு. முதலாளி என்ன, காரணம் சொல்லவா பிறந்தார்?

அன்றைக்கு எட்டு மணிக்குத் தெருவே பார்த்தது. அடையாள அட்டைக்காக எடுத்த புகைப்படத்தை ஊதிப் பெரிதாக்கியிருந்தார்கள். ஒரு கண் பாதி மூடியிருக்க, கையும் களவுமாகப் பிடிபட்டவள் மாதிரி இருந்தாள். கீழே எழுத்து: 'படத்தில் காணும் இவர் இன்று முதல் எங்கள் நிறுவனத்தில் பணியில் இல்லை. பொதுமக்கள் இவருடன் எவ்விதத் தொடர்பும் வைத்துக்கொள்ள வேண்டாம். மீறினால் நிர்வாகம் பொறுப்பல்ல.' பின்னணியில் இரங்கல் செய்திக்குப் போடும் அதே புல்லாங்குழல். இப்படி ஒரு மாதம் முழுக்க ஓடியது.

திருடினாள் என்று அதில் ஒரு எழுத்துகூட இல்லை. அந்த மிச்சத்தை நிரப்பிக்கொள்ளும் சிரமத்தைத் தெரு தானே ஏற்றுக்கொண்டது. வசூல் பணத்தில் கைவைத்தாளாம் என்றது ஒரு வீடு. செட்டாப் பாக்ஸ்களை மூட்டை கட்டி விற்றாளாம் என்றது இன்னொன்று. ஊருக்குப் போகும்போதெல்லாம் சாவியை அவளிடம் கொடுத்துவிட்டுப் போகிற பக்கத்து வீட்டு டீச்சர், "பூட்டு மாத்திட்டோம் பாரு, இதுக்குக் கடைக்காரன் ஒரு சாவிதான் குடுத்தான்" என்று பூட்டின் மேல் பழியைப் போட்டார். மளிகைக் கடைக்காரர் அவள் பையைப் பற்றி வாயால் ஒன்றும் கேட்கவில்லை, கண்ணால்தான் கேட்டார்.

வேன் ஓட்டுகிற அவள் கணவர் சண்டை சச்சரவுக்குப் போகாத மனிதர். நாலு நாளில் மறந்துவிடுவார்கள், விட்டுத்தள்ளு என்றார். அவள் விடவில்லை.

"எந்தச் சேனல்ல என் மூஞ்சியை நாறடிச்சாரோ, அதே சேனல்ல, அதே எட்டு மணிக்கு, தப்பு எங்க மேலன்னு அவரே போடணும். போட வைக்கிறேன் பாருங்க."

பார்க்கலாம் என்று அவர் சாப்பிடப் போய்விட்டார்.

அந்தச் சமயத்தில்தான் ஃபைபர் வந்தது. தலைமுடி கனத்தில் ஒரு கண்ணாடி இழை, அதற்குள்ளேயே இன்டர்நெட், டிவி, போன் எல்லாம் அடக்கம் என்றார்கள். வீடுவீடாகப் போய்ப் பேச அந்தக் கம்பெனி ஆள் தேடியது. புகார் அக்கா போய் நின்றாள். எங்கே வேலை பார்த்தீர்கள் என்று கேட்ட மேனேஜர், பதிலைக் கேட்டதும் அன்றைக்கே சேரச் சொல்லிவிட்டார். கூடவே ஒரு லைன்மேனையும் கொடுத்தார். ஆள் ஏணிக்கே ஏணி வைத்த உயரம். அதனால் அவன் பெயர் ஏணி.

மற்ற ஊழியர்கள் வேகம், திட்டம், சலுகை என்று ஒப்பிப்பார்கள். புகார் அக்கா அதில் ஒன்றைக்கூட வாயில் எடுக்கவில்லை. எந்த வீட்டில் என்றைக்கு என்ன கேட்டார்கள் என்பது அத்தனையும் அவள் தலைக்குள் இருந்தது. தையல்கடை அக்காவிடம் போய், மகன் ஆன்லைனில் பரீட்சை எழுதும்போது நடுவில் கேபிள் நெட் போனதே, ஞாபகம் இருக்கிறதா என்றாள். மறக்கிற விஷயமா அது? பையன் அதில் தோற்று, வீட்டில் நாலு நாள் அடுப்பு புகையவில்லை.

"அன்னைக்கு நீங்க ஏழு தடவை போன் பண்ணீங்க. ஆள் கிளம்பிட்டாருன்னு ஏழு தடவையும் நான்தான் சொன்னேன். யாரும் கிளம்பலக்கா. பின்னாடி ரூம்ல கேரம் ஆடிக்கிட்டிருந்தாங்க. முதலாளியும்தான்."

தையல் மெஷின் நின்றது. எங்கே கையெழுத்து என்று மட்டும் கேட்டார் தையல்கடை அக்கா.

இப்படியே தெருவிலும் பின்தெருவிலும் ஒவ்வொரு வாசலாக ஏறினாள். மேட்சில் கடைசி ஓவர் பார்க்க முடியாமல் போன பேங்க்காரர், சீரியலின் கடைசி எபிசோடு கோடு கோடாக ஓடியதால் வில்லி செத்தாளா இல்லையா என்று இன்றுவரை தெரியாத டீச்சர், இவர்களுக்கெல்லாம் ஆறிப்போயிருந்த கோபத்தைத் தட்டி எழுப்பி உட்காரவைத்தாள். திருடி என்று பேசிய வாய்களே அவள் சொன்னதை நம்பின. நம் கோபத்துக்குத் தோதான சேதியை யார் கொண்டுவந்தால் என்ன? அதற்காக அவளை நம்பினார்கள் என்று அர்த்தமில்லை. மோடம் மாட்ட உள்ளே வந்தவளை டீச்சர் அலமாரி பக்கமே பார்க்கவிடவில்லை. கை எங்கே போகிறது என்று கூடவே கண் போனது. அதையும் புகார் அக்கா பார்த்தாள். பல்லைக் கடித்துக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போனாள்.

வெட்டிப்போட்ட கறுப்புக் கேபிள்கள் மாடிகளிலிருந்து தொங்கின, பாம்பு சட்டை உரித்த மாதிரி. டிஷ்காரர் விளையாட்டுச் சேனல்களை இலவசம் என்றார். புகார் வந்த வீட்டுக்கு நிஜமாகவே உடனே ஆளை ஓட்டினார். கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம். கடைசியாக மிச்சமிருந்தவர் காது மந்தமான ஒரு ரிட்டயர்டு போஸ்ட்மாஸ்டர். அவரையும் அரைமணி நேரம் தொண்டை கிழியக் கத்தி, ஃபைபருக்கு மாற்றிவிட்டுத்தான் புகார் அக்கா ஓய்ந்தாள். கம்பெனி அவளை ஏரியாவுக்கே பொறுப்பாளராக்கியது.

இனி டிஷ்காரருக்கு ஒரே வழிதான். அவரிடம் கம்பங்கள் இருந்தன, சும்மா இருக்கிற லைன்மேன்கள் இருந்தார்கள். இரண்டையும் ஃபைபர் கம்பெனிக்கே வாடகைக்கு விட்டால் பிழைத்துக்கொள்ளலாம். மேனேஜரைப் போய்ப் பார்த்தார். ஏரியா பொறுப்பாளர் சரி என்றால் எங்களுக்கும் சரி, அவரைப் பாருங்கள் என்று மேனேஜர் கைகாட்டிவிட்டார்.

மாடிப்படி ஏறி வந்தார். கண்ணாடிக் கதவைத் தள்ளினார். பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தார்.

"என்னம்மா, நல்லா இருக்கியா?"

"சொல்லுங்கண்ணே."

இத்தனை வருஷமாக 'முதலாளி' என்ற வாய் அது. அந்த 'அண்ணே' எங்கே போய்க் குத்த வேண்டுமோ அங்கே சரியாகக் குத்தியது. வந்த விஷயத்தைச் சொன்னார். அவள் தன் நிபந்தனையைச் சொன்னாள். மறுப்பு அறிவிப்பு வர வேண்டும், எட்டு மணிக்கு, ஒரு மாதம். மாதம் முடிந்த அன்றைக்குக் கையெழுத்து. ஒருநாள் ஓடாவிட்டாலும் கையெழுத்து கிடையாது.

"அதுக்கென்னம்மா, போட்டுட்டாப் போச்சு. நல்ல போட்டோவா ஒண்ணு குடு."

"அதே போட்டோ போடுங்க. அதே புல்லாங்குழலும்."

வாசகத்தையும் அவளே சொல்லச் சொல்ல எழுதிக்கொண்டார். மல்லுக்கட்டுவார், பேரம் பேசுவார் என்று காத்திருந்தவளுக்கு ஒரு மாதிரியாகத்தான் இருந்தது.

"அக்கா, அவரு சிரிச்சுக்கிட்டே இறங்கிப் போறாரு" என்றான் ஏணி.

அன்று சாயங்காலம் புகார் அக்கா முகம் கழுவி, வெளியே போகும்போது கட்டுகிற சேலையைக் கட்டிக்கொண்டு டிவி முன்னால் உட்கார்ந்தாள். கணவரையும் பக்கத்தில் இழுத்து உட்காரவைத்தாள். எட்டு அடித்தது. ரிமோட்டை அமுக்கினாள். எங்கோ ஒரு காட்டில் சிறுத்தை ஓடியது. யாரோ வெள்ளைக்காரர் வெங்காயம் நறுக்கினார். நூற்றுக்கணக்கில் சேனல்கள், ஒன்றைவிட ஒன்று பளிச்சென்று. டிஷ்காரர் சேனலைக் காணோம்.

எப்படி வரும்? அது கேபிளில் வருகிற சேனல். ஃபைபரில் ஏது?

டீச்சர் வீட்டுக்கு ஓட எழுந்தாள், உட்கார்ந்தாள். டீச்சர் வீட்டில் கேபிளை வெட்டச் சொன்னதே அவள்தான். தையல்கடை, பேங்க்காரர், மளிகைக் கடை, போஸ்ட்மாஸ்டர் என்று ஒவ்வொரு வீடாக மனசுக்குள் கதவைத் தட்டிப் பார்த்தாள். ஒரு வீடு விடாமல் தன் கையாலேயே மாற்றியிருந்தாள். அவளுக்காக மன்னிப்பு ஓடிக்கொண்டிருந்தது, பார்க்கத் தெருவில் ஒரு கண் இல்லை. அவர் சிரித்தது இதற்குத்தானா!

"சொன்ன மாதிரி போட்டுட்டாருல்ல, விடு" என்றார் கணவர். அந்த ஒரு வார்த்தைக்கு அவருக்கு அன்றைக்கு ராத்திரி சாப்பாடு தாமதமானது.

ஆனால் சோற்றைப் பரிமாறும்போதே அவள் முகம் மாறிவிட்டது. ஒரு வீட்டில் கேபிள் இருக்கிறது. அந்த வீட்டில் ஃபைபர் மாட்டியிருக்க வாய்ப்பே இல்லை.

மறுநாள் எட்டு மணிக்குக் கொஞ்சம் முன்னால், டீச்சரையும் ஏணியையும் கூட்டிக்கொண்டு போய் டிஷ்காரர் வீட்டு மணியை அடித்தாள். கதவைத் திறந்தது அவர் மனைவி.

"தெருவுல எங்கயும் கேபிள் வரல அண்ணி. உங்க வீட்டுலதான் வருதாம். ஒரு அறிவிப்பு, பார்த்துட்டுப் போயிடறோம்."

வீடு தேடி வந்தவர்களை எப்படிப் போகச் சொல்வது? பனியனோடு சோபாவில் சாய்ந்திருந்த டிஷ்காரர் சட்டை தேடி உள்ளே ஓடினார். எட்டானது. பாதிக் கண் மூடிய அதே முகம், அதே புல்லாங்குழல். 'இவர் எந்தத் தவறும் செய்யவில்லை. இவரைப் பற்றி நாங்கள் வெளியிட்ட அறிவிப்பு தவறானது. இவரிடம் பகிரங்கமாக மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறோம்.' டீச்சர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு இரண்டாம் தடவையும் படித்தார்.

டீச்சருக்குத் தெரிந்தால் தண்டோரா எதற்கு? அடுத்த நாள் தையல்கடை அக்கா, பேங்க்காரர், அவர் மாமியார் எல்லோரும் வந்தார்கள். அதற்கடுத்த நாள் நாற்காலி போதாமல் ஏணி எதிர்வீட்டிலிருந்து ஸ்டூல்கள் தூக்கி வந்தான். மூன்று தடவை டீ போட்டுக் கொடுத்த டிஷ்காரர் மனைவி, நாலாம் நாள் வெறும் தண்ணீரைக் கொடுத்தார். போஸ்ட்மாஸ்டர் முன்வரிசையில் உட்கார்ந்து, என்ன போட்டிருக்கிறது என்று ஊருக்கே கேட்கிற மாதிரி கேட்பார், பேங்க்காரர் அவர் காதில் ஊருக்கே கேட்கிற மாதிரி படித்துக் காட்டுவார். டிஷ்காரர் சாப்பிட முடியவில்லை, படுக்க முடியவில்லை. வெளியே போய்விடலாம் என்றால், "இருங்கண்ணே, உங்களோட பார்த்தாத்தான் நல்லா இருக்கு" என்று புகார் அக்கா சோபாவில் இடம்விட்டு உட்காருவாள்.

ஒருநாள் கூட்டத்தில் டீச்சர் வாய்விட்டே கேட்டுவிட்டார், வகுப்பில் கேட்கிற மாதிரி.

"ஒண்ணும் எடுக்கலைன்னா அப்புறம் எதுக்கு அந்தப் பொண்ணை நிறுத்துனீங்க?"

போஸ்ட்மாஸ்டர்கூட ஏதோ கேட்ட மாதிரி திரும்பினார்.

டிஷ்காரர் மனைவியைப் பார்த்தார். மனைவி சுவரைப் பார்த்தார்.

"இவ தம்பி பொண்டாட்டிக்கு ஒரு வேலை வேணும்னு இவதான் அரிச்சு எடுத்தா. அதான்."

"நாற்காலி குடுங்கன்னுதான் சொன்னேன். ஊரு முன்னாடி அவ மானத்தை வாங்குங்கன்னா சொன்னேன்? அந்தப் புத்தி உங்களோடது."

அதன் பிறகு கணவனுக்கும் மனைவிக்கும் நடந்த பேச்சை எழுதினால் நாகரிகமாக இருக்காது. முழுசாக வேண்டுமென்றால் தெருவில் எந்த வீட்டில் வேண்டுமானாலும் கேட்டுக்கொள்ளலாம், எல்லோரும் இருந்தார்கள். புகார் அக்கா கையைக் கட்டிக்கொண்டு, ஒரு சொல்லையும் சிந்தவிடாமல் கேட்டாள். தையல்கடை அக்கா தன் ஸ்டூலை இழுத்து அவள் பக்கத்தில் போட்டுக்கொண்டார். டீச்சர் தலையை நிமிர்த்தவே இல்லை.

கூட்டம் கலைந்து செருப்பு மாட்டும் நேரத்தில் டிஷ்காரர் வாசல்வரை வந்தார்.

"அம்மா, என் வீட்டுக்கும் ஒரு ஃபைபர் கனெக்‌ஷன் குடுத்துடு. நாளைக்கே குடு. கேபிளை நானே வெட்டிடறேன். நீ ஜெயிச்சுட்ட, போதுமா?"

சாணை பிடித்து வாங்கிய கத்தியை எந்தப் பக்கம் திருப்புவது என்று யோசிப்பவள் மாதிரி அவரைப் பார்த்தாள்.

"மாசம் முடியட்டும்ணே. எனக்கு ஒரு மாசம் ஓடுச்சே."

"அதான் எல்லாரும் பார்த்துட்டாங்களே?"

"இந்தத் தெருதான் பார்த்திருக்கு" என்றாள் புகார் அக்கா. "உங்க கேபிள் பின்தெருவுக்கும் போச்சே. அவங்களை நாளைக்குக் கூட்டிட்டு வரேன். அண்ணிகிட்ட கொஞ்சம் டீத்தூள் அதிகமா வாங்கி வைக்கச் சொல்லுங்க."