துரைக்கு வந்த வெள்ளைப்புள்ளி

"மீன்கடைக்காரரை ஞாயித்துக்கிழமை வாளியோட வரச்சொல்லிட்டேன், வந்து எல்லாத்தையும்—"

"யாரைக் கேட்டு வரச்சொன்னீங்க? மீனு என்னோடதா, உங்க—"

"செத்து மிதந்தா சோறு தண்ணி இல்லாம கிடக்கப்போறது யாரு? நீதானே?"

"அது சாகாது. அதான் கிருமியைக் கொல்ல யூவி விளக்கு இருக்குல்ல."

"இருக்கு. நல்லாத்தான் எரியுது. புள்ளியும் நல்லாத்தான் இருக்கு."

புருஷன் இப்படிக் குத்திக்காட்டியதும் தையல்காரி தையல் மெஷினை நிறுத்திவிட்டுப் பக்கத்திலிருந்த தொட்டியைப் பார்த்தாள். உப்புத்தண்ணீர்த் தொட்டி. உள்ளே கோமாளி மீன் ஜோடி ஒன்றும், தட்டை நிமிர்த்தி வைத்ததுபோல ஒரு மஞ்சள் மீனும். நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, யாருக்கும் வழிவிடாமல் நடமாடுவதால் மஞ்சளுக்குத் துரை என்று பெயர். அந்தத் துரை இப்போது உடம்பெல்லாம் உப்பைத் தூவினாற்போல வெள்ளைப்புள்ளியோடு, அரிப்புத் தாங்காமல் கல்லில் முதுகைத் தேய்த்துக்கொண்டிருந்தார்.

கொஞ்ச நாளைக்கு முன்னால் ஒருமுறை புள்ளி எல்லாம் உதிர்ந்துபோனது. தெருவில் நாலு பேரிடம் சொல்லிப் பெருமைப்பட்டாள். சொன்ன வாய் மூடுவதற்குள் இரட்டிப்பாகத் திரும்பி வந்துவிட்டது. வளர்ப்பு மீன் விற்கும் கடைக்காரர்தான் விவரம் சொன்னார். உதிர்ந்தால் ஒழிந்தது என்று அர்த்தமில்லையாம். புள்ளிக்குள் இருக்கும் கிருமி மணலில் விழுந்து, ஒன்று நூறாகப் பெருகி, மறுபடி மீனைத் தேடி நீந்தி வருமாம். மீன்மேல் ஒட்டியிருப்பதை விளக்கு ஒன்றும் செய்யாது. நீந்தித் திரியும்போது தண்ணீரோடு விளக்குக் குழாய்க்குள் போனால்தான் அதற்குச் சாவு.

அப்படியானால் நிறையத் தண்ணீர் போனால் நிறையச் சாகும் என்று கணக்குப் போட்டது தையல்காரிதான். புருஷன் லிஃப்ட் மெக்கானிக். எந்த மோட்டாரையும் கழற்றி மாட்டுகிற கை. விளக்குக் குழாய்க்குத் தண்ணீர் தள்ளும் சின்ன மோட்டாரை எடுத்துவிட்டுப் பெரியதாக மாட்டச் சொன்னாள், மாட்டினார். குழாயிலிருந்து தண்ணீர் அருவியாகக் கொட்டியது. பார்க்கக் கண் கொள்ளவில்லை. துரையின் உடம்பு மட்டும் தேறவில்லை.

தோற்ற வாய் வேறு வழி தேடும் அல்லவா? மெக்கானிக் அவளுடைய வெட்டுமேசையில் வேலைச் சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தார். லிஃப்ட் மாட்டிக்கொண்டு உள்ளே ஆள் கத்துவதுபோல ஒரு அவசரம். பெட்டி இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் பறந்தது.

"இந்த ஓட்டம் ஓட்டினா சுருக்கம் போகுமா?" என்றாள். "நூறு தடவை ஓட்டினாலும் அப்படியேதான் இருக்கும். நிறுத்தி, நிதானமா அழுத்துங்க. சூடு துணிக்குள்ள இறங்க வேண்டாமா?"

சொன்னவள் அப்படியே நின்றுவிட்டாள். வாய் சொன்னதைக் காது அப்போதுதான் கேட்டது. மெல்லத் திரும்பி விளக்குக் குழாயைப் பார்த்தாள். உள்ளே தண்ணீர் இஸ்திரிப் பெட்டியைவிட வேகமாகப் பறந்துகொண்டிருந்தது.

"ஏங்க, அந்தப் பெரிய மோட்டாரைக் கழட்டிடுங்க."

"நீதானே கேட்டே?"

"நான்தான் கேட்டேன். தப்பு என்மேலதான்."

மெக்கானிக்குக்குக் கை ஓடவில்லை. கல்யாணமான நாளிலிருந்து அந்த வீட்டில் காதில் விழாத வாக்கியம் அது. இன்னொரு தரம் சொல்வாளோ என்று வாயைப் பார்த்தபடி நின்றார். கருகல் வாடை வந்தபிறகுதான் பெட்டி சட்டைப்பையின்மேல் உட்கார்ந்திருப்பது நினைவுக்கு வந்தது.

கடைக்காரருக்குப் போன் போட்டாள். எந்த மோட்டார் என்று கேட்டுத் தெரிந்துகொண்டவர், சிரிப்பை அடக்கத்தான் பார்த்தார். அந்த வேகத்தில் போனால் பாசி வேண்டுமானால் சாகும், இந்தக் கிருமி குழாய்க்குள் ஊர்வலம் போய்விட்டுச் சுகமாகத் திரும்பிவிடும் என்றார். கிருமிமேல் வெளிச்சம் தங்க வேண்டும். அடுத்த மாதம்வரை அவள் தவணை கேட்டாள். அப்போதும் புள்ளி இருந்தால் மறுபேச்சில்லாமல் மூன்றையும் வாளியில் ஏற்றிவிட வேண்டும் என்பது பேச்சு. தொட்டிக்குள் அலை கிளப்ப வேறு மோட்டார் இருந்தது. விளக்குக் குழாய்க்கு மட்டும் பழைய சின்ன மோட்டார் திரும்பி வந்தது. அருவி போய், தண்ணீர் நூலாக இறங்கியது.

சில நாளில் புள்ளிகள் உதிர்ந்தன. மெக்கானிக் கைதட்டினார். சும்மா இருங்கள், போன தடவையும் இப்படித்தான் என்று அடக்கிவிட்டாள். அவளுக்குத் தெரியும், உண்மையான பரீட்சை இனிமேல்தான். மணலுக்குள்ளிருந்து கிளம்பி வருகிற கூட்டம் துரையிடம் வந்து சேருமா, வழியிலேயே வெளிச்சத்தில் மாட்டுமா? அந்த நாட்களில் தைத்த ரவிக்கையில் இடதுகையை வலப்பக்கம் வைத்துத் தைத்து, பிரித்து, மறுபடி இடதுகையையே வலப்பக்கம் வைத்தாள்.

ஒருநாள் காலையில் துரையின் துடுப்பில் இரண்டு புள்ளி தெரிந்தது. கணவரிடம் சொல்லவில்லை. அவர் பார்த்துவிட்டார், அவரும் சொல்லவில்லை. மறுநாளும் அந்த இரண்டுதான். அதன்பின் அவையும் உதிர்ந்தன. அவள் காத்திருந்தாள். ஒன்றும் வரவில்லை. அடுத்த வாரமும் வரவில்லை. துரை கல்லில் முதுகு தேய்ப்பதை விட்டுவிட்டு, கோமாளிகளைப் பழையபடி துரத்த ஆரம்பித்தார். பசிக்கு அவள் விரலையே கடித்தார். கடிபட்ட விரலைத் தூக்கிக் காட்டிக்கொண்டு அவள் வீடு முழுக்க நடந்தாள்.

சொன்னபடி கடைக்காரர் இரண்டு வாளியோடு வந்தார். டார்ச் அடித்து, இந்தப் பக்கம் குனிந்தும் அந்தப் பக்கம் குனிந்தும் பார்த்தார். துரை பக்கவாட்டில் திரும்பி நின்று, பளபளவென்று முழு மஞ்சளையும் காட்டினார்.

"ஒண்ணையும் காணோமே அக்கா" என்றார் கடைக்காரர். அடியோடு ஒழிந்தது என்று சத்தியம் செய்யமாட்டாராம், ஆனால் இந்த மீனைத் தன் கடைக்குக் கொண்டுபோனால் அங்கே இருக்கும் கிருமிதான் இதற்குத் தொற்றும் என்று ஒப்புக்கொண்டு, வாளிகளை ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்கினார்.

மெக்கானிக்குக்குத் தலைகால் புரியவில்லை. தண்ணீரை எப்படி மெதுவாக விட வேண்டும், வெளிச்சம் எப்படி இறங்க வேண்டும் என்று கையை ஆட்டி ஆட்டிக் கடைக்காரருக்கே விளக்கினார். கேட்டால் விளக்கையே அவர்தான் கண்டுபிடித்தாற்போல இருந்தது. எவ்வளவுக்கெவ்வளவு மெதுவோ அவ்வளவுக்கவ்வளவு நல்லது என்று முடித்தார்.

தையல்காரி மெஷினை விட்டு நிமிரவில்லை. இந்த முறை ரவிக்கையின் வலதுகை வலப்பக்கத்தில்தான் இருந்தது.

"அப்படியே அந்தக் கருகின சட்டைப்பையையும் அவருக்குக் காட்டுங்களேன். மெதுவுக்கும் ஒரு அளவு இருக்குன்னு தெரிஞ்சுக்கட்டும்."