பெரட்டுக்கு வரும் ரெங்கம்மா

ஒவ்வொரு பெப்ரவரி நாலாந் திகதியும் காலை எட்டு மணிக்கு, கோத்தகிரியில் செத்துப் பதினெட்டு வருஷமான ரெங்கம்மா, இலங்கையில் மடுல்சீமைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றின் பெரட்டுக் களத்தில் பேர் கூப்பிடும்போது ஆஜர் சொல்கிறாள். ஆள் வருவதில்லை, குரல் மட்டும்தான். அதுவும் தோட்டத்தை விட்டுப் போனபோதிருந்த இருபத்திரண்டு வயசுக் குரல்.

இது தொடங்கி ஆறேழு வருஷமிருக்கும். சுதந்திர தினம் லீவுதான். ஆனால் கொடியேற்ற ஆள் கூடாவிட்டால் துரைக்கு மானம் போய்விடுமாம், அதனால் வேலைநாள் மாதிரியே பேர் கூப்பிடச் சொன்னார். கணக்கப்பிள்ளை அஜந்தன் அவசரத்தில் எடுத்து வந்தது ஐம்பது வருஷத்துப் பழைய பேர்ப் புத்தகம். அதிலிருந்தவர்களில் பாதிப்பேர் இந்தியாவுக்கு அனுப்பப்பட்டவர்கள், மீதிப்பேரில் முக்கால்வாசி மண்ணுக்குள். போனவர்களில் ரெங்கம்மா பேருக்கு மட்டும் "இருக்கேங்க" என்று வந்தது. மறு வருஷம் புதுப் புத்தகத்தில் கூப்பிட்டார்கள். தயானிக்கும் ஜீவராணிக்கும் நடுவில், கூப்பிடாமலே அதே குரல். சரி, போகட்டும் என்று புதுப் புத்தகத்திலும் அவள் பேரை எழுதிக்கொண்டார்கள்.

கொடிக்கயிறு பிடிப்பவர் பொன்னையா. பழைய கங்காணி, எழுபத்தெட்டு வயசு, ரெங்கம்மாவின் கூடப்பிறந்த அண்ணன். அந்தக் காலத்தில் லயத்தில் எழுதப் படிக்கத் தெரிந்தவர் அவர் ஒருத்தர்தான், இலங்கையா இந்தியாவா என்று கேட்ட பிரஜாவுரிமை விண்ணப்பங்களை எல்லாருக்கும் அவர்தான் நிரப்பினார். தனக்கு இலங்கை என்று எழுதினார். புருஷனைப் புதைத்த மண்ணை விட்டுப் போகமாட்டேன் என்ற தங்கச்சிக்கு இந்தியா என்று எழுதிக் கைநாட்டு வாங்கினார். குடியிருக்க லயத்தில் இருந்தது ஒற்றை அறை, ஒரே காம்பரா, அவருக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. கவர்மெண்டு எங்களைப் பிரித்துவிட்டதே என்று பதுளை ஸ்டேஷனில் வாய்விட்டு வேறு அழுதார். ஊர் நம்பியது. குரல் வந்த நாளிலிருந்து, அது அடுத்த வார்த்தையைச் சொல்லிவிடுமோ என்று வருஷத்துக்கொருமுறை செத்துப் பிழைத்தார்.

இந்த வருஷம் கொடி பாதி ஏறியதும் பொன்னையா நிறுத்திவிட்டார். இனி வெட்கத்தை வைத்துக்கொள்ள உடம்பில் இடமில்லை. தரையைப் பார்த்தபடி எல்லார் காதிலும் விழச் சொன்னார்.

"கவர்மெண்டு இல்ல ரெங்கம்மா. காம்பராவுக்கு ஆசப்பட்டு நான்தான் ஒனக்கு இந்தியான்னு எழுதுனேன்."



"தெரியும்ணே," என்றது குரல். "கப்பல்லயே ஒருத்தர் அந்தத் தாளப் படிச்சுக் காட்டுனாரு. கொடிய ஏத்துங்க, புள்ளைங்க வெயில்ல நிக்குதுங்க."

கோத்தகிரியிலிருந்து தீபாவளிக்குத் தீபாவளி யாரையோ பிடித்து எழுதியனுப்பிய கடிதங்களில், அண்ணன் சுகமா என்று மட்டுமே கேட்டிருந்தாள். பொன்னையாவுக்குக் கயிறு கையை விட்டு நழுவியது. அந்தக் காம்பராவில் அவரோடு ஐம்பது வருஷம் குடும்பம் நடத்திய ராசம்மா முன்னால் வந்தாள். புருஷன் முகத்தை ஏறெடுத்துப் பார்க்காமல் மீதிக் கொடியை ஏற்றினாள்.

பிறகு தேசிய கீதத்தைத் தமிழில் பாடினார்கள். பாதிப் பேருக்கு இரண்டாவது வரிக்கு மேல் தெரியாது, முணுமுணுத்துச் சமாளித்தார்கள். ரெங்கம்மாவுக்குக் கடைசி வரி வரைக்கும் பாடமாயிருந்தது.  பாட்டு முடிந்ததும் பால்சோற்றைத் துண்டு போட்டுப் பங்கு வைத்தபோது, ஓராளுக்குக் கூடுதலாக வெட்டச் சொன்னார் துரை.