பொடுதலைக் கரை

எனக்குக் கோபம் வந்தால் வாய் சும்மா இருக்காது. அஸ்தினாபுரத்தில் எங்கள் தெருவில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள், மெஹர் பானுவிடம் மட்டும் வைத்துக்கொள்ளாதே என்று.

எங்கள் வீட்டுக்கு எதிரே குளம். அதன் ஓரச் சேற்றில் நான் பொடுதலை வளர்த்து வந்தேன். தரையோடு தரையாகப் படர்கிற கொடி. வெள்ளையும் இளஞ்சிவப்புமாகப் பொடிப்பொடியாய்ப் பூக்கும். எங்கிருந்தோ கிள்ளி வந்த கொடியை ஊன்றி, ஆடு வாய் வைக்காமல் முள் போட்டு, கோடையெல்லாம் குடத்தில் தண்ணீர் சுமந்து, ஒரு பாய் அகலத்துக்குக் கொண்டுவந்திருந்தேன். காலையில் வண்ணத்துப்பூச்சி மொய்க்கும். "பெத்த பிள்ளைகளைக்கூட நீ இப்படிப் பாத்ததில்ல" என்பார் என் வீட்டுக்காரர் ஜாபர். உண்மைதான். பிள்ளைகள் எதிர்த்துப் பேசும், இது பேசாது.

எங்கள் பக்கம் வெள்ளத்தில் கட்டில் மிதந்ததைப் பார்த்தவர்கள் நாங்கள். அதனால் ஐப்பசி பிறந்துவிட்டால், குளத்தில் பச்சையாக எது தெரிந்தாலும் எல்லோருக்கும் அது வெங்காயத்தாமரைதான்; தண்ணீர் போகிற வழியை அடைத்துவிடும் என்று பயம். ஒரு ஞாயிற்றுக்கிழமை நலச்சங்கச் செயலாளர் சிவகுமார் ஆட்களோடு இறங்கி, தண்ணீரில் மிதந்ததை அள்ளினார். அதோடு என் பொடுதலையையும் சுரண்டி எடுத்து எதிர்க்கரைச் சரிவில் கொட்டிவிட்டார். நான் தாம்பரம் மார்க்கெட் போய்த் திரும்பினால் மொட்டைச் சேறு.

"அக்கா, அடைப்பு வந்துடக் கூடாதேன்னுதான்..."

"அது தண்ணியிலயா கெடந்துச்சு? கரையில கெடந்துச்சு! கண்ணு என்ன பின்னாடியா இருக்கு?"

கத்திவிட்டு உள்ளே வந்து அழுதேன். ஒரு செடிக்கு இவ்வளவு அழுகையா என்று எனக்கே வெட்கமாக இருந்தது. தீபாவளிக்குச் சிவகுமார் வீட்டிலிருந்து வந்த பலகார டப்பாவை நான் தொடவில்லை. ஜாபர்தான் முறுக்கை ஒன்று விடாமல் தின்று தீர்த்தார்.

மழை கொட்டி ஓய்ந்து, மார்கழியில் சிவகுமார் எங்கள் வீட்டு கேட் அருகே தயங்கி நின்றார்.

"அக்கா, திட்டுறதுன்னா அப்புறமா திட்டுங்க. முதல்ல அந்தக் கரைக்கு வந்து பாருங்க."

முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டுதான் போனேன். மாஷா அல்லாஹ்! அவர் கொட்டிய இடம் முழுக்கப் பொடுதலை. ஈரத்தில் பட்ட கணுவெல்லாம் வேர் விட்டு, மேலிருந்து தண்ணீர் வரை படர்ந்து பூத்துக் கிடந்தது. மழைக்கு மழை சரிந்து குளத்தில் விழுகிற அந்தக் கரையில் இந்த வருஷம் ஒரு பிடி மண்கூடச் சரியவில்லை.

"இதை யாரும் தொடக்கூடாதுன்னு சங்கத்துல சொல்லிட்டேன்க்கா" என்றார்.

எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. ஆனாலும் உடனே சிரித்துவிட முடியுமா? என் பக்கத்துக் கரையைப் பார்த்தேன். அது இன்னமும் மொட்டையாகவே கிடந்தது.

"தம்பி, மம்பட்டி இருக்கா?"

"எதுக்குக்கா?"

"இதுல கொஞ்சம் சுரண்டி எடுத்து என் பக்கம் கொட்டுங்க. அன்னிக்குக் கொட்டுனீங்களே, அதே மாதிரி கண்ணு மண்ணு தெரியாம கொட்டணும். நான் பாத்துப் பாத்து நட்டா இது மதிக்க மாட்டேங்குது."