பதினான்காம் தாளும் பதினைந்தாம் தாளும்

காலையிலிருந்து எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. புறவழிச்சாலை போட வந்த மண்வாரி இயந்திரம் முள்காட்டைத் தாண்டிவிட்டது. இன்னும் முந்நூறு அடி போனால், முழங்கால் உயரச் செங்கல் சுவர்களாக ஏழு அறைகள். நகர நடுவிலுள்ள பழைய கோட்டையைப் பார்க்க ஊரே வரிசையில் நிற்கும்; நகர எல்லையில் கிடக்கும் இதை ஆடுகூட எட்டிப்பார்க்காது. எந்தக் காலத்தது என்று தெரிய வேண்டுமானால் தோண்டியிருக்க வேண்டும். தோண்ட, முதலில் வரைபடத்தில் இருந்திருக்க வேண்டும்.

இல்லாததற்குக் காரணம் நான்.

நானும் அக்காவும் நில அளவை அலுவலகத்தில் வரைவாளர்கள். பன்னிரண்டு வருடத்துக்கு முன் வரைபடத்தின் பதினான்காம் தாள் அவளுக்கு, பதினைந்தாம் தாள் எனக்கு. ஐந்து அறை அவள் பக்கம் விழுந்தது, இரண்டு என் பக்கம். இரண்டு தாளையும் ஒட்டிவைத்து, வரைந்தவர்கள் சேர்ந்து உட்கார்ந்து ஓரம் பொருத்திய பிறகே கையெழுத்துப் போட வேண்டும். அப்போது அம்மாவை யார் வைத்துக்கொள்வது என்று எங்களுக்குள் பெரிய சண்டை. பக்கத்துப் பக்கத்து மேசையில் உம்மென்று உட்கார்ந்து தனித்தனியாகக் கையெழுத்துப் போட்டோம். நான் அந்தச் சுவர்களை அளந்திருந்தேன். அவள் தாளில் அவை இல்லை என்று ஓரக்கண்ணால் பார்த்துவிட்டு, நானும் வரையவில்லை. பெரும்பகுதி அவள் பக்கம், மாட்டினால் அவள்தான் மாட்டுவாள் என்ற தங்கமான மனசு எனக்கு! கடைசியில் யாருமே கவனிக்கவில்லை.

காலையில் தொலைபேசியில் கெஞ்சினேன். சாலைப் பொறியாளர் நல்ல மனிதர்.

"மேப்ல இருந்தா நிறுத்திடுவேன் மேடம். மத்தியானத்துக்குள்ள திருத்தக் கடிதம் குடுங்க. வரைஞ்ச ரெண்டு பேரும் கையெழுத்துப் போடணும். யார் தப்புன்னும் எழுதணும்."

கடிதத்தைத் தட்டச்சு செய்து, அக்காவை ஸ்கூட்டரில் ஏற்றிக்கொண்டு பறந்தேன். இப்போதெல்லாம் பேசிக்கொள்கிறோம்தான், அந்தத் தாள்களைப் பற்றி மட்டும் வாய் திறந்ததில்லை.

"மெதுவாப் போடி. இந்த வேகத்துல போனா நானும் இடிஞ்ச சுவராயிடுவேன்."

இறங்கியதும் புதரை விலக்கி அவள் நேராக நடந்தாள்.

"வாசல் இந்தப் பக்கம்" என்றாள்.

"உனக்கெப்படித் தெரியும்?"

"அப்பவே பாத்தேனே. அளந்துகூட வச்சேன்."

"அப்புறம் ஏன் வரையல?" என் குரல் எகிறிவிட்டது.

"உன் தாள் முழுக்க முள்ளும் மேடும்தான். இதாவது உன் பேர்ல வரட்டும்னு விட்டேன். நீ எப்படியும் உன் ரெண்டு அறையை வரைவே, ஓரம் பொருத்துறப்ப மிச்சத்தை நான் சேத்துக்கலாம்னு நெனச்சேன். கேக்கலாம்னா, நீதான் முகம் குடுத்தே பேசலையே."

எனக்குச் சுருக்கென்றது. அதற்குள் அவள் ஸ்கூட்டர் இருக்கையில் கடிதத்தை வைத்து, தவறு செய்தவர் என்ற இடத்தில் தன் பெயரை எழுதிக் கையெழுத்தும் போட்டுவிட்டாள். மூத்தவள் என்பதால் அவள்தான் சரிபார்த்திருக்க வேண்டுமாம்.

வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும், தப்பித்துவிடலாம். உண்மையைச் சொன்னால் அடுத்த மாதம் வர வேண்டிய பதவி உயர்வு போய்விடும். இயந்திரம் முதல் சுவருக்குப் பத்தடியில் உறுமிக்கொண்டிருந்தது. பேனாவைப் பிடுங்கி அவள் பெயரை அடித்தேன். என் பெயரை எழுதி, 'பார்த்தும், வேண்டுமென்றே வரையாமல் விட்டேன்' என்று சேர்த்துக் கையெழுத்திட்டேன்.

பொறியாளர் வாங்கிப் படித்துவிட்டுக் கையை உயர்த்தினார். இயந்திரம் நின்றது. அவர் தோளுக்குப் பின்னால் நின்று அக்காவும் படித்துவிட்டாள்.

"வேணும்னேவா?" என்று கேட்டாள்.

"ஆமாக்கா."