பெண் பார்க்க வந்த மெஷின்

எங்கள் கம்பெனியில் ஒரு புரோகிராமை எழுதி முடித்தால், பிழை இருக்கிறதா என்று பெண் பார்க்க வருவார்கள். இதுவரை மனிதர்கள்தான் வந்தார்கள். பஜ்ஜி சாப்பிட்டார்கள், காபி குடித்தார்கள், "ஊருக்குப் போய்ச் சொல்லி அனுப்புறோம்" என்று கிளம்பினார்கள். ஒருத்தரும் சொல்லி அனுப்பியதில்லை. எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

அதனால், இன்று மனிதர்களுக்குப் பதில் மெஷின் வருகிறது என்றதும் எனக்குக் கால் தரையில் பாவவில்லை. மெஷின் பஜ்ஜி தின்னாது. அங்கேயே பதில் சொல்லிவிடும்!

நான் எழுதிய லிஃப்ட் புரோகிராம் இன்று தேறியே ஆக வேண்டும். பழைய புரோகிராம் படுத்துவிட்டதால் என் சிநேகிதி ஷமீமா திங்கட்கிழமையிலிருந்து எங்கள் மாடிக்கும் மேல் மாடிக்கும் நடுவே லிஃப்டில் நிற்கிறாள். கதவு இடுக்கில் தோசை கொடுக்கிறோம். பஜ்ஜிதான் நுழைவதில்லை. பெண் பார்க்காத புரோகிராமை லிஃப்டில் ஏற்றும் வழக்கம் எங்களிடம் கிடையாது.

நல்ல நேரத்தில் மெஷின் பூ, பழத்தட்டோடு வந்தது. மேனேஜர் குணசீலன் சார் வாசலுக்கே போய் அழைத்து வந்தார். புரோகிராம் தலை குனிந்து காபித் தட்டோடு வந்து நின்றாள். மெஷின் முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை கண் மூடித் திறப்பதற்குள் பார்த்து முடித்தது.

"பிடிச்சிருக்கு."

அடேயப்பா! நான் துள்ளிக் குதித்தேன். குணசீலன் சார் எல்லோர் வாயிலும் சர்க்கரை போட்டார்.

லிஃப்டுக்குள்ளிருந்து ஷமீமா கத்தினாள். "ஏய், பொண்ணுக்குப் பிடிச்சிருக்கான்னு ஒரு வார்த்தை கேட்டீங்களாடி?"

அதுவரை யாரும் கேட்டதில்லை. கேட்டோம். புரோகிராம் நிமிர்ந்து, மெஷினை மேலும் கீழும் பார்த்தாள்.

"நீங்க காலி லிஃப்டை மட்டும்தான் பாத்திருக்கீங்க. உள்ள ஆள் இருந்தா லிஃப்ட் மொட்டை மாடியத் தாண்டிப் போயிடும். அது உங்க கண்ணுல படலையே?"

ஷமீமாவை வானத்துக்கல்லவா அனுப்பியிருப்போம்! காபி ஆறுவதற்குள் அந்த வரியைத் திருத்தினேன். புரோகிராம் தன்னைத் தானே ஒருமுறை முழுக்கப் பார்த்துக்கொண்டாள்.

"இப்ப எனக்குப் பிடிச்சிருக்கு."

லிஃப்ட் இறங்கியது. கதவு திறந்தது. ஷமீமாவைக் கட்டிக்கொண்டு அழுதேன், சிரித்தேன், மறுபடி அழுதேன்.

இருவரும் உள்ளே வந்தபோது புரோகிராம் சோபாவில் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தாள். மெஷின் தலை குனிந்து பஜ்ஜித் தட்டோடு வந்து நின்றது. நன்றாகச் சாப்பிட்டோம். ஷமீமா கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள்.

புரோகிராம் கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள்.

"ஊருக்குப் போய்ச் சொல்லி அனுப்புறோம்."